கட்டடம் நிற்கிறது, அச்சு எங்கே?

சிங்கப்பூரில் ஸ்டாம்போர்டு ரோடும் ஆர்மீனியன் ஸ்திரீட்டும் கூடும் மூலையில், சிவப்பும் வெள்ளையுமாய் ஒரு பழங்கட்டடம் நிற்கிறது. 1908-ஆம் ஆண்டிலே மெதடிஸ்டு கிறிஸ்தவ சபையார் தம் பிரசுராலயத்திற்கென்று எழுப்பிய மாளிகை அது. எட்வர்டு மன்னர் காலத்துக் கட்டட முறையில் அமைந்ததென்று கற்றோர் அதனைப் போற்றுவர். அவ்வழியே செல்வோர் சற்று நின்று, அண்ணாந்து நோக்கி, "பழமை காக்கப்பட்டது" என்று மனநிறைவோடு நடையைத் தொடர்கின்றனர். அவர்தம் மகிழ்ச்சியைக் கெடுப்பது நம் எண்ணமன்று. ஆயினும் ஒன்று கேட்க விரும்புகிறோம். காக்கப்பட்டது எது?

செங்கல் காக்கப்பட்டது; சுண்ணாம்பு காக்கப்பட்டது; சன்னலும் வளைவும் காக்கப்பட்டன. நன்று. இடித்துத் தரைமட்டமாக்கி அவ்விடத்தில் கண்ணாடிக் கோபுரம் எழுப்பியிருந்தால் நாம் கூக்குரலிட்டிருப்போம். ஆனால் ஓர் அச்சுக்கூடத்தின் வீட்டைக் காத்தோமென்று மார்தட்டுவோர், அவ்வீட்டில் அச்சானவை எவை, எம்மொழியில் அச்சாயின, எழுத்துக் கோத்தவர் யார், வாங்கிப் படித்தவர் யார் என்று வினவினால் வாய் திறப்பதில்லை. தூணின் வகையைச் சொல்லுவார்கள். முகப்பின் காலத்தைச் சொல்லுவார்கள். அதோடு கதை முடிந்தது. தோட்டத்துக் காரியாலயத்தில் பேரேடு எழுதிப் பழகிய நமக்கு இது பெரும் விந்தையாய்த் தோன்றுகிறது. ஸ்டோர்க் கட்டடத்தை மட்டும் கணக்கிலேற்றி, உள்ளே கிடந்த சரக்கில் ஒரு மூட்டையையேனும் எழுதாமல் விட்ட பேரேட்டை எந்தத் துரைமகனார் கையொப்பமிட்டு ஏற்பார்? உடனே கிராணியை அழைத்து, சரக்கு எங்கே போயிற்று என்று கேட்கமாட்டாரா? அக்கேள்வியைத்தான் இம்மாளிகையைக் குறித்து நாம் கேட்கிறோம்.

சரக்கை எண்ணுமுன் வீட்டின் வரலாற்றைச் சொல்லிவிடுவோம். மெதடிஸ்டு ஊழியம் சிங்கையில் 1885-ஆம் ஆண்டு தொடங்கிற்று. அதனைத் தொடங்கி நடத்திய வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர். ஐந்தாண்டு கழித்து, 1890-இல், செலிகி ரோட்டில் ஒரு சிறு அச்சுக்கூடம் பிறந்தது. அமீலியா பிஷப் என்னும் மாதின் பெயரால் முதலில் அது வழங்கிற்று. பிறகு அமெரிக்கன் மிஷன் பிரஸ் என்றாயிற்று. 1906-இல் மெதடிஸ்டு பப்ளிஷிங் ஹவுஸ் என்று பெயர் பூண்டது. அதன்பின் இரண்டாண்டில் ஸ்டாம்போர்டு ரோட்டு மாளிகைக்குக் குடிபுகுந்தது. இடத்தைத் தெரிந்தெடுத்ததில் வியாபார புத்தியும் இருந்தது. ராபிள்ஸ் கலாசாலையும், கத்தோலிக்கரின் பள்ளிகளும், மெதடிஸ்டாரின் ஆங்கிலோ-சீனப் பள்ளியும் நடந்து செல்லும் தூரத்தில் இருந்தன. பாடப்புத்தகமும், கையெழுத்துப் புத்தகமும், பேனாவும் மையும் வாங்கப் பிள்ளைகள் வேறெங்கே போவார்கள்? வேதப்புத்தகம் அச்சிடும் கடைக்கும் வாடகையும் கூலியும் உண்டல்லவா!

பின்னர் நேர்ந்தது ஒரு வேடிக்கை. 1927-இல் அது மலாயா பப்ளிஷிங் ஹவுஸ் என்னும் கம்பெனியாய் மாறிற்று. 1963-இல் மலேசியா பிறந்ததும் மலேசியா பப்ளிஷிங் ஹவுஸ் ஆயிற்று. எம், பி, எச் என்னும் மூன்றெழுத்தும் கலையவேயில்லை. முதலெழுத்துக்குரிய சொல் மட்டும் காலத்துக்கேற்ப மெதடிஸ்டு என்றும், மலாயா என்றும், மலேசியா என்றும் வேடம் மாறிற்று. சபையின் கையிலிருந்த உடைமை வணிகர் கைக்குச் சென்றது. அச்சு இயந்திரம் போயிற்று; புத்தகக் கடை நின்றது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் புத்தகக் கடையும் அம்மாளிகையை விட்டு வெளியேறிற்று. கட்டடத்துக்கு வான்கார்ட் என்று புதுப்பெயர் சூட்டினார்கள். 2019-ஆம் ஆண்டில் சிங்கப்பூர் நகரில் அக்கம்பெனிக்கு எஞ்சியிருந்த கடைகளும் மூடப்பட்டன. மலேசியாவில் மட்டும் அம்மூன்றெழுத்துக் கடைகள் தொடர்ந்தன. அச்சு போய், புத்தகம் போய், பெயரும் போன பின்பு, நமக்குக் காட்டப்படுவது முகப்பு ஒன்றே.

இனிச் சரக்குக்கு வருவோம்.

இவ்வச்சுக்கூடத்தை நிறுவிய வில்லியம் ஷெல்லபேர் குருமடத்திலிருந்து வந்தவரல்லர், பட்டாளத்திலிருந்து வந்தவர். 1862-இல் இங்கிலாந்தில் பிறந்து, பொறியியற் படையில் அதிகாரியாகி, 1887-இல் சிங்கைக்கு அனுப்பப்பட்டார். அவர்கீழ் மலாய்ச் சிப்பாய்கள் இருந்தனர். அதிகாரம் செலுத்தும் துரை, தம் சிப்பாயிடமே மாணாக்கனாய் அமர்ந்து அவன் மொழியைக் கற்றார். பிறகு படைத்தொழிலை உதறிவிட்டு மிஷன் ஊழியத்தில் சேர்ந்து, அச்சுத் தொழிலையும் பயின்றார். மலாய் மக்களைக் கிறிஸ்து மதத்துக்குக் கொணர்வதே அவர் நோக்கம். அதனை அவர் ஒளித்ததில்லை. அவர்பொருட்டு நாம் ஒளிக்க வேண்டியதுமில்லை. அந்நோக்கம் ஈடேறாமற் போனதை வரலாறு அறியும். ஆனால் அவர் அச்சிட்ட நூல்களைப் பாருங்கள். 1896-இல் செஜாரா மெலாயு என்னும் மலாய் அரசர் வரலாற்றை ஜாவி எழுத்தில் வெளியிட்டார். அதிலே இயேசுநாதர் கதை ஒரு வரியும் இல்லை. மலாக்காச் சுல்தான்களின் கதை இருக்கிறது. ஸ்டாம்போர்டு ரோட்டு மாளிகை எழுந்த 1908-ஆம் ஆண்டு முதல் ஹிக்காயத் ஹங் துவா வெளிவரலாயிற்று. மலாய் வீரன் ஒருவனின் நெடுங்கதை அது. 1914-இல் வில்கின்சனும் வின்ஸ்டெட்டும் தொகுத்த பந்துன் மெலாயு இதே பிரசுராலயத்தின் பெயர் தாங்கி வந்தது. பந்துன் என்பது நாலடிப் பாட்டு. அதிற் பெரும்பங்கு காதல். சுவிசேஷம் பரப்ப எழுந்த வீட்டில் கம்பத்து இளைஞரும் மங்கையரும் பாடிய காதற்பாட்டு அச்சேறிற்று!

இதனை எண்ணுந்தோறும் நமக்கு நகைப்பும் வியப்பும் ஒருங்கே உண்டாகின்றன. ஒரு நாட்டின் பழங்கதையையும் பாட்டையும் எழுத்தில் நிறுத்தி, பள்ளிப் பிள்ளையின் கையிலே கொடுத்த வீடு இது. அதைக் குறித்துப் பேச வேண்டிய இடத்தில், சன்னலுக்கு மேலிருக்கும் சாந்து வேலையைக் குறித்துப் பேசுகிறார்கள்.

அச்சுக்கோப்பும் விளையாட்டு வேலையன்று. ஜாவியில் ஓர் எழுத்துத் தனியே நின்றால் ஒரு வடிவம், சொல்லின் தொடக்கத்தில் வேறு வடிவம், நடுவில் மற்றொன்று, ஈற்றில் இன்னொன்று. ஆங்கிலத்திற்கு இருபத்தாறு எழுத்தும் அவற்றின் சிறிய, பெரிய உருவங்களும் போதும். ஜாவிக்கு எழுத்துப் பெட்டியின் அறைகள் பெருகும்; வலமிருந்து இடமாகப் படிக்கும் சொல்லைக் கண்ணாடியிற் காண்பதுபோல் தலைகீழாய்க் கோக்க வேண்டும்; பிழை நேர்ந்தால் இடுக்கியால் ஈயத் துண்டைப் பிடுங்கி வேறொன்றைச் செருக வேண்டும். இதனாலேயே மலாய் நூல்கள் பல கல்லச்சில் வந்தன. கையால் எழுதியதை அப்படியே கல்லில் ஏற்றிவிடலாம். ஈய எழுத்தில் ஒரு நீண்ட ஹிக்காயத்தைக் கோத்து முடித்தவனுக்குக் கண்ணும் விரலும் எவ்வளவு தேய்ந்திருக்கும்! அவன் பெயர் எந்தத் தூணிலும் பொறிக்கப்படவில்லை.

சபையின் அன்பர்களிடத்தும் நமக்கு ஒரு வழக்குண்டு. அவர்கள் இக்கதையைச் சொல்லும்போது வெள்ளைக்காரக் குருமாரின் தியாகத்தைச் சொல்லி, அதோடு நிறுத்திக்கொள்ளுகிறார்கள். ஷெல்லபேர் அறிஞர்தாம், மறுப்பாரில்லை. ஆனால் மலாய்ச் சுவடியைத் திருத்தி, சொல்லின் நயத்தை எடுத்துக்காட்டி, பக்கத்திலிருந்து உழைத்தவர் சுலைமான் பின் முகம்மது நூர். இருவர் பெயரும் சேர்ந்தே 1906-இல் கித்தாப் கிளிரான் பூடி என்னும் மலாய் மொழித்திரட்டு அவ்வச்சகத்தில் வெளிவந்தது. முஸ்லிம் ஒருவரும் கிறிஸ்தவப் பாதிரியார் ஒருவரும் ஒரே மேசையில் அமர்ந்து ஒரு மொழிக்காகப் பாடுபட்டார்கள். நூலின் முகப்பிலே அவர் பெயரைப் போட ஷெல்லபேருக்கு மனம் இருந்தது. நூற்றாண்டு கழிந்து புகழ்மாலை சூட்ட வருகிற நமக்கு ஏன் அம்மனம் இல்லை?

நிற்க. நம் தமிழன்பர் சிலர் இப்போதே முகஞ்சுளிப்பது தெரிகிறது. "பாதிரிமார் கட்டிய வீடு, மலாய்ப் புத்தகம் அச்சிட்ட வீடு. தமிழன் அதைப்பற்றி ஏன் கவலைப்பட வேண்டும்? தமிழ் வேதாகமம் சென்னையில் அச்சாயிற்று. தமிழ்ப் புத்தகம் நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறி வந்தது. நம் வீட்டு விறகை நாம் பார்ப்போம்" என்கிறார்கள். இவர்களுக்குச் சற்று விரிவாகவே விடை கூறுவோம். ஏனெனில் இவ்வெண்ணம் நம்மவரிடையே ஆழ வேரூன்றியிருக்கிறது.

அவ்வீட்டின் நூற்பட்டியலில் ஒரு புத்தகம் உண்டு. 1918-ஆம் ஆண்டு ஷெல்லபேர் ஆங்கிலத்திற் பெயர்த்து, மெதடிஸ்டு பப்ளிஷிங் ஹவுஸ் வெளியிட்ட முன்ஷி அப்துல்லாவின் சுயசரிதை அது. அதற்குப் பத்தாண்டுக்கு முன்பே அதன் மலாய் மூலத்தையும் ரோமன் எழுத்தில் அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். இந்த அப்துல்லா யார்? மலாய் உரைநடைக்குப் புதுவழி கண்டவர் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். அவருடைய பாட்டன் வழியை எத்தனை தமிழர் அறிவர்? ஏமன் நாட்டு அராபியர் ஒருவர் நம் நாகூருக்கு வந்து, அங்கே மணஞ்செய்து தங்கினார். அவர் வழித்தோன்றல் மலாக்காவுக்கு வந்து குடியேறினார். மலாக்காவில் அவர் மணந்த மாது, தமிழ் முஸ்லிம் குடும்பத்துச் செல்வி. பெரியாச்சி என்று தமிழ்ச் செவிக்குக் கேட்கும் பெயருடையவர். அக்குடும்பத்திற் பிறந்த பேரன்தான் அப்துல்லா.

இரத்தத்தைக் காட்டி உறவு கொண்டாடுவது நமக்கு உவப்பன்று. அதை விட்டுவிடுவோம். அப்துல்லா சிறுவனாயிருந்தபோது அவர் தந்தையார் அவரைத் தமிழ் கற்க அனுப்பினார். காரணத்தை அவரே தம் நூலிற் கூறுகிறார். மலாக்காவில் வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் கற்பது முன்னோர் காலந்தொட்டு வந்த வழக்கம். கணக்குப் பார்ப்பதற்கும், அந்நகரில் நிறைந்திருந்த இந்திய வணிகரோடு பேசுவதற்கும் அம்மொழி வேண்டியிருந்தது. கூலிக்காரன் மொழியென்று பிற்காலத்தில் இத்தேயத்தில் இகழப்பட்ட தமிழ், ஒரு காலத்தில் மலாக்கா நகரத்துச் செல்வர் வீட்டுப் பிள்ளைகள் காசு கொடுத்துக் கற்ற மொழி! இச்செய்தியை ஆங்கிலம் படித்தவர் கையிலே கொண்டு சேர்த்த புத்தகங்களில் ஒன்று எந்த வீட்டின் பெயர் தாங்கி வந்தது? நீங்கள் முகஞ்சுளிக்கும் அதே பாதிரிமார் வீட்டின் பெயரைத்தான்.

அப்துல்லா வெறும் எழுத்தாளரல்லர். அச்சுத் தொழிலாளியும் ஆவார். 1815-இல் வில்லியம் மில்ன் என்னும் பாதிரியார் மலாக்காவுக்கு வந்தார். அவருக்கும் அவருக்குப் பின்வந்த மெட்ஹர்ஸ்டு முதலானோருக்கும் அப்துல்லா மலாய் கற்பித்தார். முன்ஷி என்னும் பட்டம் கற்பித்ததால் வந்தது. அவர்கள் வைத்திருந்த அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோக்கும் வித்தையை அவர் கற்றுக்கொண்டார். பாதிரியாருக்கு அவர் மொழி கொடுத்தார். பாதிரியார் அவருக்குத் தொழில் கொடுத்தார். மதம் மாறாமலேயே இக்கொள்வினை கொடுப்பினை நடந்தது. அவர் கடைசிவரை முஸ்லிமாகவே வாழ்ந்து, 1854-இல் ஹஜ்ஜுக்குச் சென்றவிடத்தில் மறைந்தார்.

சிங்கையில் அவருடைய ஹிக்காயத்தை 1849-இல் அச்சிட்டவர் பெஞ்சமின் கீஸ்பெரி. இவரும் இந்தியாவிற் பிறந்தவரே; ஹைதராபாத்துக்காரர். மலாய்ச் சிறுவர்களுக்கு எழுத்தோடு அச்சு வேலையும் புத்தகம் கட்டும் வேலையும் கற்பித்தார். பின்னாளில் ஜொகூர் சுல்தானாய் விளங்கிய அபு பக்கர் அவருடைய பள்ளியிற் படித்தவர். கீஸ்பெரியின் மிஷன் அச்சுக்கூடம் பின்னர் என்னவாயிற்று என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். அது விலைக்குப் போய், பிரேசர், நீவ் என்னும் இரு வணிகர் கைப்பட்டது. அவர்கள் அச்சுத் தொழிலோடு நில்லாமல் 1883-இல் சோடாத் தண்ணீர் வியாபாரத்தில் இறங்கினார்கள். இன்று தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் நம் வீடுகளில் உடைக்கப்படும் சிவப்புக் கலர்ப் புட்டியின் வமிசாவளி, ஒரு மிஷன் அச்சகத்தில் போய் முடிகிறது. கலரைக் குடிக்கிறோம்; அச்சகத்தை மறந்தோம்!

இன்னொரு செய்தி. கீஸ்பெரிக்கு முன்பு சிங்கையில் அச்சு நடத்தியவர்கள் அமெரிக்க மிஷனார். அவர்களுடைய அச்சாளர் ஆல்பிரட் நார்த் என்பவர்தாம் அப்துல்லாவைத் தம் வரலாற்றை எழுதும்படி தூண்டினார். 1843-இல் அமெரிக்கர் சிங்கையைக் கைவிட்டபின், இந்த நார்த் போய்ச் சேர்ந்த இடம் மதுரை மிஷன். சிங்கைக்கும் தமிழகத்துக்கும் நடுவே அச்சும் அச்சாளரும் இவ்வாறு போக்குவரவு செய்த காலத்தை அறியாமல், "நமக்கென்ன" என்று கேட்பது அறியாமையின் துணிவு.

மதப் பகையை முன்னிட்டுப் பேசுவோர் ஆறுமுக நாவலரை நினைத்துப் பார்க்கட்டும். பாதிரிமாரை அவரினும் கடுமையாய் எதிர்த்தவர் யாழ்ப்பாணத்தில் யாருளர்? பெர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகம மொழிபெயர்ப்புக்கு உதவியவர், பாதிரிமாரின் பலம் எதில் இருக்கிறதென்று கண்டுகொண்டார். சென்னைக்குச் சென்று அச்சு இயந்திரம் வாங்கி வந்து, வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நாட்டினார். பாதிரிமாரின் அச்சகம் நமக்கென்ன என்று அவர் திண்ணையிற் படுத்திருந்தால், தமிழ் நூல் பல ஏட்டிலேயே செல்லரித்திருக்கும். எதிரியின் ஆயுதத்தையும் கூர்ந்து பார்ப்பவனே அதனைக் கைக்கொள்ளுகிறான்.

சிங்கையிலும் நம்மவர் வாளாவிருந்ததில்லை. ஷெல்லபேர் இக்கரைக்கு வந்த அதே 1887-ஆம் ஆண்டில், மகுதூம் சாயபு என்னும் தமிழ் முஸ்லிம் பெரியார் தம்முடைய தீனோதய இயந்திரசாலையிலிருந்து சிங்கை நேசன் என்னும் வாரப் பத்திரிகையை வெளியிடத் தொடங்கினார். சதாசிவ பண்டிதரின் சிங்கை நகரந்தாதி வெளிவந்ததும் அவ்வாண்டே. அதற்கும் முன்பு, 1872-இலேயே நாகூர்ப் புலவர் ஒருவரின் முனாஜாத்துத் திரட்டு இந்நகரில் அச்சேறிவிட்டது. மெதடிஸ்டாரின் அச்சுக்கூடம் பிறந்த 1890-இல் சிங்கை நேசன் நின்றுபோயிற்று. ஒரு கூட்டத்தார்க்குப் பின்னால் ஒரு சபையும், பணம் அனுப்பும் அயல்நாட்டு அன்பரும், பாடப்புத்தகம் வாங்கும் பள்ளிகளும் இருந்தன. மற்றவர்க்கு இருந்தது தம் கைக்காசும் சில நூறு வாசகரும். முன்னது மாளிகை கட்டிற்று. பின்னது கட்டவில்லை.

ஆயினும் பாருங்கள் விந்தையை. மகுதூம் சாயபுவின் இயந்திரசாலை போயிற்று; சிங்கை நேசனின் ஏடுகள் இலண்டன் நூல்நிலையத்திற் பத்திரமாய் இருந்தமையால் இன்றும் ஆராய்வோர் அதைப் படிக்கின்றனர்; எழுதுகின்றனர். அன்று சந்தை நிலவரம் என்ன, கப்பல் எப்போது புறப்பட்டது, எக்கோயிலில் என்ன சச்சரவு என்பதெல்லாம் நமக்குத் தெரிகிறது. ஸ்டாம்போர்டு ரோட்டிலோ மாளிகை நிற்கிறது. அதனுள் நடந்ததைச் சொல்லுவாரில்லை. இவ்விரண்டில் எது காக்கப்பட்டது, எது காக்கப்படவில்லை? கட்டடப் பாதுகாப்பு அன்பர்கள் ஒரு நிமிஷம் எண்ணிப் பார்க்கட்டும்.

அம்மாளிகைக்குக் கூப்பிடு தூரத்தில் இன்னொரு பாடமும் கிடக்கிறது. ஸ்டாம்போர்டு ரோட்டிலேயே பழைய தேசிய நூல்நிலையம் இருந்தது. 1953-இல் லீ கொங் சியான் என்னும் சீன வணிகர் 375,000 வெள்ளி கொடுக்க முன்வந்தார். இலவச நூல்நிலையமாய் இருக்க வேண்டும், ஆசிய மொழி நூல்களுக்கும் அதில் இடம் வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. தமிழுக்கும் அங்கே இடம் கிடைத்ததற்கு அந்நிபந்தனை ஒரு காரணம். இதனைத் தமிழர் நன்றியோடு நினைக்க வேண்டும். 1960-இல் செங்கற் கட்டடம் திறக்கப்பட்டது. 2004-இல் மூடப்பட்டது. பலர் தடுத்துப் பேசியும், குன்றின் கீழே மோட்டார் வண்டிகள் செல்லச் சுரங்கப்பாதை வேண்டுமென்று அதனை இடித்துவிட்டார்கள். வாயிற்புறத்துச் செங்கற்றூண் இரண்டு மட்டும் மிஞ்சின. புத்தகங்கள் மாண்டனவா? இல்லை. விக்டோரியா ஸ்திரீட்டில் 2005-இல் திறந்த புது மாளிகையில் அவை அடுக்கப்பட்டன. ஆகவே ஒரே தெருவில் நூல்நிலையத்துக்குக் கட்டடம் போய் நூல் மிஞ்சிற்று. பிரசுராலயத்துக்கு நூல் போய்க் கட்டடம் மிஞ்சிற்று. முன்னதற்குக் கண்ணீர் விட்டவர்கள் நகரெங்கும் இருந்தார்கள். பின்னதற்குக் கண்ணீர் விட்டவர் எத்தனை பேர்? சுவர் நின்றுவிட்டதாலேயே இழப்புக் கண்ணுக்குத் தெரியாமற் போயிற்று.

"வியாபாரம் படுத்தது, கடை மூடியது, இதற்கு யார் என்ன செய்ய முடியும்?" என்று நடைமுறை அறிந்த நண்பர் கேட்பார். கடையைத் திறந்து வைக்கும்படி நாம் கேட்கவில்லை. வாடகையும் வட்டியும் எவ்வாறு கழுத்தை நெரிக்குமென்பதைக் கணக்கெழுதும் நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அச்சு இயந்திரத்தை மீண்டும் ஓட்டும்படியும் கேட்கவில்லை. ஈய எழுத்தின் காலம் மலையேறிவிட்டது. நாம் கேட்பது மிக எளியது. ஒரு கட்டடத்தைப் பழம்பெருமை உடையதென்று உலகுக்குக் காட்டுகிறவர்கள் அப்பெருமை எதனால் வந்தது என்பதையும் கூடவே காட்டட்டும். எட்வர்டு காலத்துக் கட்டடங்கள் சிங்கையிற் பல உண்டு. செஜாரா மெலாயுவையும் அப்துல்லாவையும் அச்சிட்டவர்களின் வீடு ஒன்றுதான் உண்டு.

அச்சகம் வெளியிட்ட நூல்களின் பெயர்களை, ஆண்டோடும் மொழியோடும், வழிப்போக்கர் படிக்கும் உயரத்தில் ஒரு பலகையில் எழுதி வைக்க வேண்டும். சுலைமான் பின் முகம்மது நூரின் பெயர் ஷெல்லபேரின் பெயருக்குப் பக்கத்தில், அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும். சபையார் தம்மிடத்துள்ள பழைய கூலிப் பதிவு, விலைப்பட்டியல், நூற்பட்டியல் யாதாயினும் இருப்பின் அவற்றைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டாமல் ஆராய்வோர் கையிற் கொடுக்க வேண்டும். எழுத்துக் கோத்தவர், மையிட்டவர், தாள் மடித்தவர், கட்டடம் கட்டியவர் பெயர்கள் அத்தகைய ஏட்டில்தான் கிடைக்கும். தோட்டத்துச் செக்ரோல் ஏடுகளைப் புரட்டியவர்களுக்கு இது தெரியும். துரைமார் எழுதிய நினைவுக் குறிப்பிலே ஒரு தொழிலாளியின் பெயரும் இராது. செக்ரோலிலே ஒவ்வொரு பெயரும் இருக்கும், ஒவ்வொரு நாட்கூலியோடு.

தமிழ்ச் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆண்டுதோறும் விழா எடுக்கிறோம், பட்டிமன்றம் வைக்கிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். ஓராண்டேனும் அப்பொன்னாடைச் செலவைக் குறைத்து, தமிழ்ப் பிள்ளைகளையும் மலாய்ப் பிள்ளைகளையும் ஒருசேர அம்மூலைக்கு அழைத்துச் சென்று, இன்ன வீட்டார் இன்ன நூலை வெளியிட்டார்கள் என்று சொல்லி, அப்துல்லாவின் நூலிலிருந்து சில பக்கம் வாய்விட்டுப் படிக்கச் செய்யலாம். அவர் தமிழ் கற்ற கதை நூலின் தொடக்கப் பகுதியிலேயே வருகிறது. நெடுந்தூரம் புரட்ட வேண்டியதில்லை.